தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்கள்

பட்டணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வரப்பில் இறங்கி நின்றதுமே, "பாவம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யாராவது வந்து சொல்லிக் குடுக்கணும்" என்று நினைக்கிறவர்கள் ஒரு வகை. "ஆகா, இவங்களுக்கு எல்லாம் தெரியும், நாமதான் எல்லாத்தையும் தொலைச்சிட்டோம்" என்று கண்கலங்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நான் பாமரன். இரண்டாவது வகைக்கு நான் ஞானி. நடுவில் மனுஷன்னு ஒருத்தன் நிக்கிறானே, அவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

முதல் வகையைப் பார்த்து எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை, பழகிப்போச்சு. ரெண்டாவது வகைமேலதான் கோபம். பாராட்டுறவங்க மேல என்னய்யா கோபம்னு கேப்பீங்க. சொல்றேன். பாமரனிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று முதல் ஆள் நினைக்கிறார். ஞானியிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று இரண்டாவது ஆள் நினைக்கிறார். ரெண்டு பேருமே என்னிடம் ஒரு உருப்படியான கேள்விகூடக் கேட்காமல் வண்டி ஏறிவிடுகிறார்கள். போட்டோ மட்டும் எடுத்துக்கிறாங்க.

அறியாமைன்னா படிக்காதது, தெரியாதது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது தப்பு. தெரியாமல் இருப்பதால் எந்தக் குடியும் கெட்டதில்லை. தெரியாத இடத்தில் தெரிஞ்ச மாதிரி நடக்கிறோமே, அதில்தான் பயிரும் போகுது, உசுரும் போகுது. இதை நான் புதுசாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. திருக்குறளை எடுத்து அதிகார வரிசையைப் பாருங்கள். கல்லாமைக்கு ஒரு அதிகாரம், 41வது. புல்லறிவாண்மைக்கு வேறு ஒரு அதிகாரம், 85வது. ரெண்டும் ஒண்ணுன்னா மனுஷன் எதுக்கு ரெண்டு தடவை பத்துப் பத்து குறள் எழுதணும்? படிக்காதவன் வேறு, தனக்கு அறிவு நிறைய இருப்பதாக நினைத்துத் திமிராக நிற்கிறவன் வேறு. அந்தத் திமிருக்குப் பேர்தான் அறிவின்மை என்று வள்ளுவர் நேராகவே சொல்லிவிடுகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். கல்லாமைக்கு அடுத்த அதிகாரம் என்ன? கேள்வி. அதற்கும் அடுத்ததுதான் அறிவுடைமை. வள்ளுவர் காலத்தில் கேள்வி என்றால் காது கொடுத்துக் கேட்பது. இன்றைக்கு நாம் கேள்வி என்றால் வினவுவது. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரிதான். படிக்காதவனுக்கு அறிவுக்குப் போக வழி இருக்கிறது, அது காது வழி. எல்லாம் தெரியும் என்கிறவனுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

பெரிய தத்துவமாப் பேசுறேன்னு நினைக்காதீங்க. இதெல்லாம் எங்கள் வயலில் வருஷா வருஷம் நடக்கிற விஷயம். ஒரு பூச்சியை வைத்தே சொல்கிறேன்.

புகையான் சொல்லும் பாடம்

நெல்லில் புகையான் என்று ஒரு பூச்சி. அரிசி மணி அளவுகூட இருக்காது, பழுப்பு நிறம். இலையில் தேடினால் கிடைக்காது. தண்ணிக்குக் கொஞ்சம் மேலே, தூரின் அடியில் கும்பலாக உட்கார்ந்து சாறு குடிக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த மாதிரி திட்டு விழும். புகை போட்ட மாதிரி காய்ந்துவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வந்தால் நாலு மாச உழைப்பு நாலு நாளில் வைக்கோல்.

இதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் ஓடுகிற இடம் உரக்கடை. வயலை யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ரெண்டு காய்ஞ்ச தூரைப் பிடுங்கிக்கிட்டு போவோம். கடைக்காரர் அதை ஒரு பார்வை பார்ப்பார். "புகையான்தான், இதை அடிங்க, கூட இதையும் ஒரு அம்பது மில்லி கலந்துக்குங்க" என்பார். ரெண்டு மருந்து, சில நேரம் மூணு. ஒரே டாங்கியில் கலந்து அடி. பணம் அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கேட்காத கேள்விகளைப் பாருங்கள். ஒரு தூருக்கு எத்தனை பூச்சி? சிலந்தி இருக்கா? யூரியா எப்போ போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க? நடவு நெருக்கமா? ஒண்ணும் கேக்கலை. கேட்டால் பாட்டில் விற்காது என்பது ஒரு காரணம். வரிசையில் இன்னும் ஆறு பேர் நிற்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

இப்போது அந்தப் பூச்சியைப் பற்றி நிஜமாகவே தெரிந்த விஷயங்களைச் சொல்கிறேன். புகையான் தன் முட்டையை இலையுறைக்கு உள்ளே செருகி வைக்கும். மேலே அடிக்கிற மருந்து முட்டையைப் போய்த் தொடாது. வயலில் ஓநாய் சிலந்தி என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், வலை பின்னாது, தரையிலும் தண்ணி மேலும் ஓடி ஓடிப் புகையானைப் பிடித்துத் தின்னும். அந்த முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற சின்னப் பச்சை நாவாய்ப் பூச்சி ஒன்றும் இருக்கிறது. நாம் கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இவர்கள்தான். உறைக்குள் பத்திரமாக இருந்த முட்டை அடுத்த வாரம் பொரியும். பொரிந்து வெளியே வந்தால் தின்ன ஆளில்லை. அடித்த பிறகு பூச்சி முன்பைவிட அதிகமாகும். செயற்கை பைரித்ராய்டு, குயினால்பாஸ் மாதிரி மருந்துகளைப் புகையானுக்கு அடிக்காதீர்கள், மறு உற்பத்தி கூடும் என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது. கடையில் ரெண்டாவதாகக் கலக்கச் சொல்கிற பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பரிந்துரையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை எடு. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயல் என்றால் தூருக்கு ரெண்டு புகையான் வரை பொறு. கவனிச்சீங்களா? எதிரியை மட்டும் எண்ணினால் போதாது, நம்ம ஆளையும் எண்ணணும். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடு, காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்குப் போகட்டும். பூச்சி தெரிந்தால் தண்ணியை வடி. யூரியாவைக் குறை. இவ்வளவுதான் வைத்தியம். பாட்டில் இதற்கெல்லாம் பிறகு வருகிறது.

யூரியா கதை தனி. 45 கிலோ மூட்டை முன்னூறு ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது, அரசு மானியத்தில். மற்ற உரமெல்லாம் யானை விலை. அதனால் கைக்கு எட்டினதை அள்ளிப் போடுகிறோம். பயிர் கருகருன்னு நிற்கும். ரோட்டில் போகிறவன் நின்று பார்த்து "யார் வயல்யா இது" என்று கேட்பான். அந்தக் கரும்பச்சைதான் புகையானுக்கும் இலைசுருட்டுப் புழுவுக்கும் நாம் அனுப்புகிற பத்திரிகை. இலை எவ்வளவு பச்சையாக இருந்தால் யூரியா வேண்டாம் என்று பார்க்க இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் அட்டை, பையில் வைத்துக்கொள்ளலாம். அதை வைத்திருப்பவனை ஊரே "வாத்தியார்" என்று கிண்டல் பண்ணும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தோனேசியாவில் 1970களில் இதே புகையான் நாட்டையே ஆட்டி வைத்தது. புது ரக நெல், அரசு மானியத்தில் மருந்து, விமானத்திலிருந்தும் தெளித்தார்கள். அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்கிற நாடாக ஆனார்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் வயலில் இறங்கி எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மருந்து அடிக்காத வயலைவிட அடித்த வயலில்தான் புகையான் அதிகம் என்று காட்டினார்கள். 1986இல் அந்த நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தார். அடுத்த சில வருஷங்களில் மருந்து மானியமும் நின்றது. மருந்து குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

தடையைவிட அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1989 வாக்கில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்று ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு நாள் விவசாயிகள் வயலில் கூடுவார்கள். குத்துகளைப் பார்த்துப் பூச்சியை எண்ணுவார்கள். எண்ணியதைத் தாளில் படமாக வரைவார்கள். ஒரு பூச்சியைக் காட்டி "இது என்னய்யா?" என்று விவசாயி கேட்டால், சொல்லிக்கொடுக்க வந்தவர் பேரைச் சொல்லமாட்டார். "எங்கே பார்த்தீங்க? எத்தனை இருந்துச்சு? என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பார். வலைக் கூண்டுக்குள் ரெண்டு பூச்சியையும் விட்டு யார் யாரைத் தின்கிறார்கள் என்று விவசாயியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வியட்நாமில் 1990களில் இன்னும் எளிமையாகச் செய்தார்கள். விதைத்து முதல் 40 நாள் மருந்து வேண்டாம் என்கிறோம், நீங்கள் நம்ப வேண்டாம், உங்கள் வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டு அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். ஆரம்பத்தில் இலை ஓட்டையானாலும் பயிர் தானே தேறிக்கொள்ளும் என்பதை அவரவர் கண்ணால் பார்த்தார்கள்.

"நம்ப வேண்டாம், பார்" என்று சொன்னவர்கள்தான் ஜெயித்தார்கள். உத்தரவு போட்டவர்களும் பாட்டில் விற்றவர்களும் தோற்றார்கள்.

ஒரே ஒரு கேள்வி

பயிரோடு போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். உசுரு போனால்?

எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தி. வைகாசி வெக்கை, வீட்டுக்குள் படுக்க முடியாமல் திண்ணைக்குக் கீழே தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்தார்கள். வாந்தி. பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் கண் இமை செருகுது, எச்சில் முழுங்க முடியலை. யாரோ சொல்லி ஒரு பச்சிலை வைத்தியரிடம் கொண்டு போனார்கள். அவர் வேர் ஒன்றை அரைத்துக் கொடுத்து, மூணு மணி நேரத்தில் சரியாகும், வேறு எங்கும் போகக் கூடாது என்றார். மூணு மணி நேரம் காத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் பாய்க்கு ரெண்டு அடி தள்ளி விறகு அடுக்குக்குள் கட்டு விரியன் இருந்தது.

கட்டு விரியன் ராத்திரியில்தான் வெளியே வரும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது, பல சமயம் பல் தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, அப்புறம் இமை செருகல், அப்புறம் மூச்சுத் தசைகள் செயலிழப்பது. இது புத்தகத்தில் இருக்கிற விஷயம். கிளினிக்கில் இருந்தவர் மருத்துவம் படித்தவர். பச்சிலை வைத்தியர் நாலு தலைமுறை அனுபவம் என்று போர்டு வைத்திருப்பவர். ரெண்டு பேரில் ஒருவராவது "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தீங்க?" என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. அல்லது "இது என்னன்னு எனக்குத் தெரியலை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியலை" என்கிற ரெண்டு வார்த்தை ஒரு பட்டத்துக்கும் ஒரு போர்டுக்கும் அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். இதில் விஷத்தால் செத்தவர்கள் எத்தனை, தெரிந்த மாதிரி பேசினவர்களால் நேரம் போய்ச் செத்தவர்கள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க முடியாது. எங்கள் சித்தி எந்தக் கணக்கு என்பது எனக்குத் தெரியும்.

அதே பாம்பு விஷயத்தில் நிஜ அறிவு எப்படி இருக்கும் என்பதற்கும் நம்ம ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து இருக்கிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்பைப் பிடிப்பதற்கு அந்த ஊர் ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போய் ரெண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023இல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்களைப் பாமரர் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும்.

ஆனால் இதையே "பார்த்தீர்களா, பழங்குடி ஞானம், விஞ்ஞானம் தேவையே இல்லை" என்று யாராவது ஆரம்பித்தால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாம்பு எங்கே இருக்கும், எந்தப் பக்கம் போயிருக்கும் என்பது இருளருக்குத் தெரியும். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுப்பது ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். அந்த மருந்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த நாலு பாம்புக்குத்தான் அது செய்யப்பட்டது. ஒருத்தர் அறிவு முடிகிற இடத்தில் இன்னொருத்தர் அறிவு ஆரம்பிக்கிறது. எல்லை தெரிந்ததால்தான் ரெண்டும் சேர முடிந்தது. எல்லை தெரியாத அறிவு யாரோடும் சேராது, சண்டைதான் போடும்.

முன்னோர் முட்டாள் இல்லைதான்

இப்போது பட்டணத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தடவை வருகிறது, நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல என்று. அதற்குக் கீழே ஏதாவது ஒரு புளுகு. அந்த முதல் வரியோடு எனக்குச் சண்டையே இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் காவிரி மணலில் கல்லணை நின்றிருக்காது. ஆனால் அவர்கள் எப்படி முட்டாளாக இல்லாமல் இருந்தார்கள் என்று யோசித்தீர்களா?

உங்கள் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. அதற்கு முன்னால் காரத்துக்கு மிளகுதான், மிளகாய் என்கிற பேரே மிளகிலிருந்து வந்தது. தக்காளியும் மரவள்ளியும் அதே வழி. வேர்க்கடலைக்கு வட மாவட்டங்களில் மணிலாக் கொட்டை என்று பேர், எந்த ஊர் வழியாக வந்தது என்று பேரிலேயே இருக்கிறது. நம்ம முன்னோர் இதையெல்லாம் "எங்க தாத்தா தின்னலையே" என்று தூக்கிப் போடவில்லை. "இது என்னய்யா, எப்படி விளையும், எந்த மண்ணுக்கு ஒத்துவரும்" என்று கேட்டார்கள். ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேட்கிற புத்தியை. அதை விட்டுவிட்டு அவர்கள் பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறோம்.

என்னிடம் மாப்பிள்ளைச் சம்பா கேட்டு வருகிறவர்கள் நிறைய. நானும் மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், போடுகிறேன். நல்ல நெல். ஐந்து மாசப் பயிர், ஆள் உயரம் வளரும், காற்றடித்தால் சாயும், விளைச்சல் குறைவு, அதனால் விலை கூட. இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. "இதைச் சாப்பிட்டா சுகர் போயிடுமாமே" என்கிறார்கள். போகாதுங்க. தவிடு நீக்காத அரிசி நல்லதுதான், ஆனால் அரிசி அரிசிதான், மாவுச்சத்து அதிலும் இருக்கிறது. ஒருத்தர் போனில், "மாத்திரையை நிறுத்திட்டேன் சார், உங்க அரிசிதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு அரிசி அனுப்ப மறுத்துவிட்டேன். முதலில் டாக்டரைப் பாருங்க, மாத்திரையை ஆரம்பிச்சிட்டு அப்புறம் பேசுங்க என்றேன். வருத்தப்பட்டார். என்னை ஞானியாக நினைத்து வந்தவர், நான் வியாபாரம்கூடத் தெரியாத ஆள் என்று முடிவு பண்ணியிருப்பார்.

படித்தவர்களிடம் அடக்கம் இருக்க முடியாதா என்றால், இருந்திருக்கிறது. ஆர்தர் காட்டன் என்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் காவிரிப் பாசனத்தைச் சீர் செய்ய வந்தார். ஆளுகிற ஜாதி, கையில் அதிகாரம். "சுதேசிகளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லியிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க முடியாது. ஆனால் அவர் கல்லணையைப் போய்ப் பார்த்தார். அடியில் பாறையே எட்டாத மணல் ஆற்றில் இது எப்படி நிற்கிறது என்று கேட்டார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று பின்னால் எழுதியும் வைத்தார். முக்கொம்பில் 1836இல் மேலணையைக் கட்டினார், பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டினார். அவர் கல்லணையைக் கும்பிட்டுவிட்டுப் போகவும் இல்லை, இடித்துவிட்டுப் போகவும் இல்லை. கற்றுக்கொண்டு போனார்.

சரி, வயித்துப்பாடு என்ன ஆவது?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் தெரியாது, எண்ணிப் பார், யோசி என்று உட்கார்ந்தால் வேலை எப்படி நடக்கும்? குத்தகைக்கு ரெண்டு ஏக்கர் எடுத்து, நகையை வைத்து நட்டவன், சிலந்தியை எண்ணிக்கொண்டிருப்பானா? ஒரு போகம் போனால் அவன் எழுந்திருக்கவே முடியாது. அந்தப் பயத்தில் அடிக்கிறான். மருந்து அவனுக்கு இன்சூரன்ஸ் மாதிரி. கடைக்காரர் கடனும் கொடுக்கிறார், யோசனையும் கொடுக்கிறார். ஒரு வேளாண் அதிகாரிக்குப் பல கிராமங்கள், அவர் எந்த வயலில் இறங்குவார்?

இதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் எங்கள் ஆட்களை மட்டம் தட்டி இதை எழுதவில்லை. அவனுடைய அறியாமை பாதிக்கு மேல் அவனுக்கு விற்கப்பட்டது. கேள்வி கேட்க நேரமில்லாதபடி கடனும், கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லாதபடி நிர்வாகமும் இருக்கும்போது, மனுஷன் முதலில் கிடைத்த பதிலைப் பிடித்துக்கொள்வான். ஆனால் மறுப்பின் இன்னொரு பாதி தப்பு. தெரியாது என்று ஒத்துக்கொள்வது வேலையை நிறுத்தாது. விவசாயிக்கு இது தெரியும். மழை வருமா என்று தெரியாமலேதான் விதைக்கிறோம். தெரியாது என்பதால்தான் எல்லா வயலிலும் ஒரே ரகம் போடுவதில்லை. புது விதை என்றால் முதலில் ஒரு மா. ஒத்துவந்தால் மறு வருஷம் கூட்டிக்கொள்ளலாம். ஒட்டுமொத்தமாக எல்லாத்தையும் ஒரே பதிலில் வைத்து ஆடுகிறவன்தான் தெரியும் என்று நினைக்கிறவன். சீனாவில் 1958இல் குருவி நெல்லைத் தின்கிறது என்று நாடு முழுக்கக் குருவியை அடித்துக் கொன்றார்கள். அந்தக் குருவி பூச்சியையும் தின்றது என்பது பூச்சி பெருகிய பிறகுதான் உறைத்தது. 1960இல் ஒழிக்க வேண்டியவை பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பஞ்சம் வந்துவிட்டிருந்தது. பஞ்சத்துக்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு, ஆனால் குருவியும் அதில் ஒரு கண்ணி. ஒரு மாவட்டத்தில் மட்டும் செய்து பார்க்கலாமே என்று சொல்லத் தைரியமுள்ள ஆள் அங்கே இல்லாமல் போனதுதான் கொடுமை.

அறிவு என்பது அறியாமைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். எனக்குத் தெரிந்தவரை ரெண்டும் ஒரே வரப்பின் ரெண்டு பக்கம். வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் காலை ஊன்றி நடப்பான். தெரியாதவன் அடுத்தவன் வயலில் இறங்கி, தன் வயல் என்று அறுத்துக்கொண்டிருப்பான்.

படிக்கிற உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை கிராமத்துக்கு வந்தால் எங்களைத் திருத்தவும் வேண்டாம், எங்கள் காலில் விழவும் வேண்டாம். கேளுங்கள். "மருந்து ஏன் அடிக்கிறீங்க, எத்தனை பூச்சி இருந்துச்சு, அடிக்காம விட்ட இடம் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். நாங்கள் உளறினால் உளறுகிறோம் என்று சொல்லுங்கள். உங்கள் போனில் ஒரு வைத்தியமோ ஒரு பெருமையோ வந்தால், யார் பார்த்தது, எப்போது, எத்தனை பேருக்கு என்று கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். உங்கள் டாக்டரோ, உங்கள் உரக்கடைக்காரரோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ "எனக்கு இது தெரியலைப்பா" என்று சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். அப்படிச் சொல்கிற ஆள் தெரியும் என்று சொல்கிற மற்ற விஷயங்களை நம்பலாம். தரையில் படுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். காலையில் யாருக்காவது காரணம் தெரியாத வயிற்று வலி என்றால் எங்கே படுத்திருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.